சாரம்மாளின் முதற்பலன்

கட்டிலுக்கடியில் மணல் நிரப்பிய மரப்பெட்டிக்குள் கோலி சோடா பாட்டில்கள் தலைகீழாகக் குத்தி நின்றன. அவற்றில் ஒன்றைச் சாரம்மாள் மெல்ல உருவி நிமிர்த்தினாள். பாட்டிலின் கழுத்துக்குள் கோலி அசையவில்லை. உள்ளேயிருந்து எழும்பிய வாயு அதை ரப்பர் வளையத்தோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தது. அவள் சுவரில் சாய்ந்து கொஞ்சநேரம் கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை நாளும் இந்த ஒன்றுக்காகத்தான் பயந்துகொண்டிருந்தாள். கோலி கீழே விழுந்துவிட்டால் வாயு போய்விட்டது என்று அர்த்தம். வாயு போனால் உள்ளே இருப்பது வெறும் புளித்த கோதுமைத் தண்ணீர்தான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீடு தூங்கிக்கொண்டிருந்தது. பாட்டிலையும் ஒரு கண்ணாடித் தம்ளரையும் எடுத்துக்கொண்டு பின்கட்டில் துவைகல் பக்கம் போய் உட்கார்ந்தாள். கோலியை உள்ளே தள்ளும் மரக்கட்டையைக் கழுத்தில் வைத்து அழுத்தினாள். புஸ்ஸென்ற சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாகக் கேட்டது. நுரை குபுகுபுவென்று ஏறி விரல்களில் வழிந்தது. தம்ளரைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினாள். ஊறிய வைக்கோலின் நிறம். கலங்கல். மேலே ஒரு விரற்கடை உயரத்துக்கு வெள்ளை நுரை, அதில் சின்னச் சின்னக் குமிழ்கள் உடைந்துகொண்டிருந்தன.

முதலில் மோந்து பார்த்தாள். எலுமிச்சை இலையைக் கசக்கிய வாசம். அதற்குப் பின்னால் நசுக்கிய மிளகு. இன்னும் உள்ளே போனால் மழையில் நனைந்து காய்ந்த வைக்கோற்போர். ஒரு வாய் எடுத்து நாக்கில் நிறுத்தினாள். இனிப்பு துளிகூட இல்லை. இனிப்பையெல்லாம் ஈஸ்ட் தின்று தீர்த்திருந்தது. குறுகுறுவென்று நாக்கைக் குத்தியது, லேசாகப் புளித்தது, தொண்டைக்கு இறங்கும்போது கசந்தது. விழுங்கிய பிறகு வாய் வறண்டது. அந்த வறட்சிதான் அடுத்த வாயைக் கேட்டது. மார்த்தாவின் சரக்கு இதைவிட மென்மையாக இருக்கும் என்று நினைத்தாள். இதில் கசப்பு ஒரு பிடி கூடிப்போயிருந்தது. கடைசியில் கேழ்வரகின் மண் வாசம் ஒன்று தங்கியது, ராகிப்புட்டு அவிக்கிற பானையைத் திறந்தது போல. மார்த்தாவுக்கு அது பிடித்திருக்காது. சாரம்மாளுக்குப் பிடித்திருந்தது.

மார்த்தா பெல்ஜியத்தில், பிரான்ஸ் எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்தில் கோதுமையும் சர்க்கரை பீட் கிழங்கும் விளைவித்த கிழவி. ஊரில் மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்த சாரம்மாள் முப்பது வயதில் அந்த நாட்டுக்கு முதியோர் இல்ல வேலைக்குப் போனாள். பிறகு நடக்க முடியாமல் கிடந்த மார்த்தாவைப் பார்த்துக்கொள்ள அவள் பண்ணைவீட்டிலேயே தங்கிவிட்டாள். ஒவ்வொரு பனிக்காலத்திலும் மார்த்தா சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி விரலை நீட்டி நீட்டி வேலை வாங்குவாள், சாரம்மாள் காய்ச்சுவாள். கோடையில் வயலில் வேலை செய்கிறவர்கள் தாகத்துக்குக் குடிப்பதற்காகப் பனிக்காலத்திலேயே காய்ச்சி வைக்கும் பியர் அது. அங்கே குளிரில் ஈஸ்ட் சோம்பிப் படுத்துக்கொள்ளும். தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்தி, பக்கத்தில் கணப்பு மூட்டி அதை எழுப்ப வேண்டும். பாளையங்கோட்டையில் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பங்குனி வெயிலில் மூடிவைத்த எவர்சில்வர் தவலை, விடிவதற்குள் உள்ளே குமுறத் தொடங்கிவிட்டது. அந்த ஈஸ்ட்டுக்கு இத்தனை காலமும் தேவைப்பட்டது இந்த ஊர் வெயில்தான் போல.

"என்ன சாரா, பல்லு வெளக்குத மாதிரி வாயெல்லாம் நுரை?"

அண்ணன் மனைவி சாலோமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். சாரம்மாள் தம்ளரை மறைக்கவில்லை.

"மைனி, இங்கன வாங்க. ஒரு வாய் பாருங்க."

"என்னது?"

"பியரு."

சாலோமி திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். உள்ளேயிருந்து அண்ணனின் குறட்டை சீராகக் கேட்டது. படியிறங்கி வந்து, தம்ளரை வாங்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு நாக்கு நுனியை நனைத்தாள்.

"சீ! ஓமத்தண்ணியில மோர விட்ட மாதிரியில்லா இருக்கு." புறங்கையால் வாயைத் துடைத்தாள். தம்ளரை மறுபடி நீட்டினாள். "இன்னும் ஒரு சொட்டு ஊத்து. சரியா ருசி தெரியல."

இரண்டாம் தடவை முகத்தைச் சுளிக்கவில்லை. விழுங்கிவிட்டு நின்றாள்.

"கேழ்வரக முளைகட்டுதியே, இந்த வீட்டுல யாரு பச்சப்பிள்ளை இருக்கு, யாருக்குக் கூழுன்னு கேட்டேன். சிரிச்சிக்கிட்டுப் போயிட்ட. இதுக்குத்தானா?" என்றாள். "உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா ரெண்டுபேரையும் சேத்துக் கெணத்துல தள்ளிருவாவ."

"தெரியத்தான் போவுது மைனி. அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டு போறேன்."

சாலோமி சிரித்தாள். சாரம்மாள் சிரிக்காததைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். தம்ளரைத் துவைகல்லின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிசானம் அறுப்பு முடிந்து நெல் வீடு வந்ததும் அவர்களுடைய கிறிஸ்தவக் கோயிலில் அறுப்பின் பண்டிகை வரும். அவரவர் கையின் பிரயாசத்தில் விளைந்ததையும் செய்ததையும் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். நெல்மூட்டை, பூசணி, வாழைத்தார், சேவல், முறுக்கு, பின்னிய கூடை என்று எதுவும் இருக்கும். குருவானவர் ஜெபம் பண்ணி ஆசீர்வதிப்பார். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே பந்தலில் ஏலம் விடுவார்கள். அதற்குப் பிறகு அசனம், ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. காணிக்கை கொண்டுவந்த குடும்பத் தலைவரின் பேரை ஒலிபெருக்கியில் சொல்வார்கள். சாரம்மாளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவே அவள் குடும்பம் இல்லை. அவள் பெல்ஜியத்திலிருந்து அனுப்பிய ஆர்கன் கோயிலில் இருந்தது. 'வேதநாயகம் குடும்பத்தார் அன்பளிப்பு' என்று அண்ணன் பேரைத் தாங்கிய பித்தளைத் தகடு அதில் பதித்திருந்தது. அவள் அனுப்பிய சுவர்க்கடிகாரத்திலும் அந்தப் பேர்தான். மார்த்தா இறந்து, ஊருக்குத் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் அந்தத் தகட்டுக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. தான் செத்துப்போய், அந்தச் செய்தி தனக்கு மட்டும் தாமதமாக வந்து சேர்ந்தது போல இருந்தது.

கேக் செய்து கொண்டுபோகலாம். ஆனால் அது சாலோமியின் அடுப்பில், அண்ணன் வீட்டுச் சீனியில் வெந்தது என்பார்கள். தேங்காய் அண்ணனின் மரத்தில் காய்ப்பது. யோசித்துப் பார்த்தபோது, இந்த ஊரில் வேறு யாரும் தங்களுடையது என்று சொல்லமுடியாத பொருள் ஒன்றே ஒன்றுதான் அவளிடம் இருந்தது. பிஸ்கட் டப்பாவுக்குள் மடித்துக் கொண்டுவந்த ஒரு துணி. அதில் மார்த்தாவின் ஈஸ்ட் உலர்ந்து படிந்திருந்தது. கூடவே ஒரு பை நிறைய ஹாப் என்ற கசப்புப் பூ. விமானநிலையத்தில் அதை மோந்து பார்த்த சுங்க அதிகாரி மூலிகையா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

முதல் தடவை பலசரக்குக் கடையில் பார்லி வாங்கி ஊறப்போட்டாள். நாலு நாள் ஈரத்துணியில் கிடந்தும் ஒரு மணிகூட முளைக்கவில்லை. காய்ச்சல்காரர்களுக்குக் கஞ்சி வைக்கத் தோல் சீவிய பார்லி அது, உயிர் போனது. நாற்றமெடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பிறகு முழுக்கோதுமையும் கேழ்வரகும் முளைகட்டினாள். இங்கே எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரிந்த வேலைதான். மார்த்தாவும் வயலில் எது மிஞ்சியதோ அதைத்தான் போடுவாள்.

பாட்டிலுக்கு மார்க்கெட் பக்கம் சோடாக்கடை வைத்திருந்த தாவூதிடம் போனாள். வாயுவின் அழுத்தத்தைத் தாங்கும் தடித்த கண்ணாடி அவரிடம்தான் இருந்தது.

"பாட்டில்ல என்ன ஊத்தப் போறீக நர்சம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவருடைய பாட்டில் என்பதால் சொல்லத் தோன்றவில்லை. "பியரு."

தாவூது கையைத் துண்டில் துடைத்தார். வாசலில் போகிற வருகிற ஆட்களைப் பார்த்தார்.

"எங்க வாப்பா காலத்துலேருந்து ஹராம் படாத பாட்டிலு."

"அப்போ வேண்டாம். நான் வேற எடத்துல பாக்கேன்."

"இருங்க, இருங்க. எங்க உம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நீங்க எப்படிப் பாத்தீகன்னு எனக்குத் தெரியும்லா." உள்ளே போய் அரை டஜன் பாட்டில்களைக் கோணியில் கட்டிக் கொண்டுவந்தார். "ஒடஞ்ச கணக்குல போட்டுக்கிடுதேன். ஆனா ஒண்ணு. திருப்பி மட்டும் கொண்டு வந்துராதீக."

பண்டிகைக்கு முந்தின சாயங்காலம். கூடத்தில் ஒரு வாழைத்தாரும் உரித்த தேங்காய்களும் தயாராக இருந்தன. வேதநாயகம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோயிலை நிர்வகிக்கும் சேகர கமிட்டியின் செயலாளர். வருடத்தில் ஒரு ஞாயிறு மதுவிலக்கைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுகிறவர். தாரின் காம்பில் தன் பேர் எழுதிய அட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் வாழ்நாளில் எந்தப் பொருளுக்கும் அட்டை கட்டாமல் விட்டதில்லை.

"அண்ணே, நாளைக்கு நான் தனியா ஒண்ணு வைக்கேன்."

"தனியா என்ன தனியா? இதுலயே சேத்துக்கிட வேண்டியதுதான. ஒரே வீடு."

"இது என் பேருக்கு."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்னதுட்டி அது?"

சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார். அங்கே பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றதில் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. சத்தம் போட மாட்டார்; குரலைத் தாழ்த்துவார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பயந்ததும் அந்தத் தாழ்ந்த குரலுக்குத்தான்.

"வீட்டுக்குள்ள சாராயம் காச்சியிருக்கே. போலீஸுக்குத் தெரிஞ்சா என் கையிலதான் வெலங்கு மாட்டுவான். அதக் கொண்டுபோயி கர்த்தருடைய பீடத்துல வைக்கப் போறியா? வெளிநாட்டுக்குப் போயி படிச்சது இதானா?"

"சாராயம் இல்ல அண்ணே. வயக்காட்டுல வேலை செய்யிறவங்க குடிக்கது. கோதுமை, கேழ்வரகு, தண்ணி. எங் கையால செஞ்சது. கையின் பிரயாசம்னு நீங்கதான வருசா வருசம் படிக்கிய?"

"எங்கிட்டயே வேதம் பேசுதியா?"

அவள் பதில் சொல்லவில்லை. பெல்ஜியத்தில் மொழி தெரியாத முதல் வருடத்தில் சும்மா இருக்கப் பழகியிருந்தாள். மௌனத்தை எவ்வளவு நேரம் பிடித்திருக்க முடியும் என்பது இந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அண்ணன்தான் முதலில் பேசினார்.

"சாரா, பைய சொல்லுதேன், கேட்டுக்கோ. அந்தப் பாட்டிலத் தூக்கிக்கிட்டுக் கோயில் வாசல் ஏறுனியானா, திரும்ப இந்த வாசல் ஏறாத."

"சரி" என்றாள்.

அந்தச் 'சரி' எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. அடங்கிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டு அட்டையின் முடிச்சை இறுக்கினார்.

காலையில் பாட்டிலை ஈரத்துணியில் சுற்றி, ஒயர்க்கூடையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னதாகக் கிளம்பிவிட்டாள். கோயில் வாசலில் காணிக்கைகளை வாங்கி உள்ளே அடுக்கும் வேலை கோயில்பிள்ளை பிச்சைக்கண்ணுவுக்கு. துணியைப் பிரித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"சோடாவா! நல்ல காரியம் பண்ணினிய. எல்லாரும் பூசணியாக் கொண்டாந்து குவிக்காவ. யாரு பேருக்கு?"

"எம் பேருக்கு. சாரம்மாள்."

"வேதநாயகம் சார் தங்கச்சிதான, தெரியுமே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். பிரசங்க முடிவில் தொண்டை வறளும் குருவானவருக்கு உதவும் என்று நினைத்தாரோ என்னவோ, பாட்டிலைப் பீடத்துக்கு நேர் கீழே, நெல்மணியில் சிலுவைக் கோலமிட்ட இடத்துக்குப் பக்கத்தில் நடுநாயகமாக வைத்தார். ஒரு பக்கம் கறுத்த பூசணி, மறுபக்கம் கால்கட்டிய சேவல். ஜன்னல் வெயில் பட்டுப் பாட்டிலுக்குள் மஞ்சள் ஒளி கலங்கலாக நின்றது.

ஆராதனை முழுக்க அண்ணனின் பின்னங்கழுத்து அவளுக்குத் தெரிந்தது. ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் இருந்த அவர் இரண்டாம் பாட்டின்போது பாட்டிலைப் பார்த்தார். பாட்டுப்புத்தகம் கையில் தாழ்ந்தது. மெதுவாகத் திரும்பிப் பெண்கள் பக்கத்தில் அவளைத் தேடிக் கண்டுபிடித்தார். அவள் கண்ணைத் தாழ்த்தாமல் பாட்டின் அடுத்த வரியைப் பாடினாள். எழுந்துபோய் எடுக்க அவரால் முடியாது, சபையே பார்த்துக்கொண்டிருக்கிறது. குருவானவர் இரண்டு கைகளையும் விரித்து, வயலின் பலனையும் மந்தையின் பலனையும் கைகளின் பிரயாசத்தையும் ஆசீர்வதித்தார். சேவல் ஒருமுறை கூவியது. சபை ஆமென் என்றது. சாரம்மாளின் ஆமென் கொஞ்சம் பிந்தி, தனியாகக் கேட்டது.

ஏலம் போடுகிறவர் பலசரக்குக்கடை ஞானசிகாமணி அண்ணாச்சி. அவருக்கு மைக் கிடைத்தால் போதும், வெண்டைக்காயைக்கூடத் தங்கம் போல விற்றுவிடுவார். கோயில் கோபுரத்தில் கட்டிய ஒலிபெருக்கி அவர் குரலைத் திருச்செந்தூர் ரோட்டு பஸ் நிறுத்தம்வரை கொண்டுபோகும். பொருளின் பேரையும் கேட்கிறவர் பேரையும் ஒவ்வொரு தடவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அந்த ஏலத்தின் ஒழுங்கு. யார் எதைக் கேட்டார் என்பதில் பின்னால் தகராறு வரக்கூடாது என்று வேதநாயகம்தான் அதைக் கொண்டுவந்தார்.

பூசணி போனது. சேவல் போனது. வேதநாயகத்தின் வாழைத்தார் நல்ல விலைக்குப் போனது. அண்ணாச்சி பாட்டிலைத் தூக்கினார்.

"இந்தா பாருங்கவே, கோலி சோடா! வெயிலுக்கு அமிர்தம்! வேதநாயகம் சார் குடும்பம்..."

"அண்ணாச்சி" என்றாள் சாரம்மாள். பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்து நின்றாள். "அது எம் பேருக்கு. சாரம்மாள்."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா."

"ரெண்டும் ஒண்ணு இல்ல."

பந்தல் திரும்பிப் பார்த்தது. கமிட்டி பெஞ்சிலிருந்து அண்ணன் முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "சோடாதான, யாரு பேருக்குன்னா என்ன? சீக்கிரம் முடியும்" என்றார்.

அப்படியே விட்டிருக்கலாம். சோடா என்று யாராவது வாங்கிப்போயிருப்பார்கள், அவள் இரவு அதே கட்டிலில் படுத்திருப்பாள். அந்த வழி அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது, கதவு திறந்தே கிடப்பது போல. முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"சோடா இல்ல அண்ணாச்சி. கோதுமையும் கேழ்வரகும் போட்டு நான் காச்சின பியரு."

ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு பெண்கள் பக்கத்தில் யாரோ, "அடியாத்தீ" என்றார்கள். சுவரில் உட்கார்ந்திருந்த இளவட்டங்கள் குதித்து இறங்கி முன்னால் வந்தார்கள். பிச்சைக்கண்ணு தலையில் கைவைத்துக்கொண்டார். அண்ணாச்சி பாட்டிலைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்தார், ஆனால் விடவில்லை.

குருவானவர் வயதில் இளையவர், சேகரத்துக்குப் புதியவர். "அம்மா, இத நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க. நாம பிறகு பேசிக்கலாம்" என்றார்.

"நீங்க ஜெபம் பண்ணி ஆசீர்வதிச்சாச்சு ஐயா. காணிக்கையா வச்சதத் திருப்பி எடுக்கிற வழக்கம் இந்தக் கோயில்ல கெடையாது."

"அது வாஸ்தவம்தான்" என்றார் அண்ணாச்சி மைக்கிலேயே. "போன வருசம் கண்ணு தெரியாத சேவலையும் ஏலத்துலதான் விட்டோம்." யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சிக்குச் சிரிப்பைக் கேட்டால் நிற்காது. "சரிவே, கேக்கவங்க கேளுங்க!"

யாரும் கேட்கவில்லை. ஆண்கள் பலர் தரையைப் பார்த்தார்கள். சனிக்கிழமை சாயங்காலங்களில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒயின்ஷாப் சந்துக்குள் நுழைகிறவர்கள் அவர்களில் யார் யார் என்று அந்தப் பந்தலில் எல்லோருக்கும் தெரியும்.

"பத்து ரூபா" என்றாள் சாரம்மாள்.

"சாரம்மாள், பியர் பாட்டில், பத்து!"

"இருவது" என்று கமிட்டி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. வேதநாயகம் எழுந்து நின்றார். வாங்கி, அந்த இடத்திலேயே கல்லில் அடித்து உடைப்பதற்காகத்தான் கேட்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. ஆனால் அண்ணாச்சி வழக்கப்படி மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"வேதநாயகம் சார், பியர் பாட்டில், இருவது!"

அது கோபுரத்தில் ஏறி ரோட்டுக்குப் போயிற்று. இளவட்டங்கள் ஒருவர் முதுகில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். அவள் கூட்டிக் கேட்டாள். அவர் மேலும் கூட்டினார்.

"வேதநாயகம் சார், பியர் பாட்டில், அம்பது!"

"ஓய், பேரச் சொல்லாம ஏலம் போடும்!"

"அதெப்படி சார்? பேரச் சொல்லித்தான் ஏலம் போடணும்னு நீங்க போட்ட ஒழுங்குல்லா."

அவள் மீண்டும் கூட்டினாள். அண்ணனின் கை பாதி உயர்ந்தது. ரோட்டில் பஸ்ஸுக்கு நின்ற ஜனங்கள் கம்பிவேலி ஓரமாக வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரிடம் படித்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். அவள் அந்தக் கையையே பார்த்தாள். ஆர்கனில் பதிக்கப் பேரை எழுதிக்கொடுத்த கை. அவளுடைய எல்லாவற்றின் மேலும் தன் பேரை வைத்துவிட்ட மனுஷனுக்கு இந்த ஒன்றின்மேல் மட்டும் வைக்க முடியவில்லை. கை உயர்ந்தபடி கொஞ்சநேரம் நின்று, தோள்துண்டைச் சரிசெய்வது போல இறங்கியது. அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. ஆனால் பார்வையை விலக்கிக்கொள்ளவும் இல்லை.

"சாரம்மாள் ஒருதரம்" என்றார் அண்ணாச்சி. கோபுரத்தில் அவள் பேர் கரகரத்தது. "சாரம்மாள் ரெண்டுதரம்." வேலிக்கு வெளியே ஒரு பஸ் வந்து நின்று, யாரும் ஏறாததால் ஹாரன் அடித்தது. "கேக்கவங்க உண்டா? சாரம்மாள், மூணுதரம்!"

கூட்டத்தின் நடுவே நடந்துபோய் வாங்கிக்கொண்டாள். பாட்டில் சூடாகியிருந்தது. அண்ணாச்சி அதைக் கொடுக்கும்போது மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "எங் கடை பார்லியாம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

"உங்க பார்லி முளைக்காது அண்ணாச்சி."

அசனத்துக்குப் பெண்கள் வரிசையில் போய் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் யாரும் உட்காரவில்லை. வந்தவர்கள் அவளைப் பார்த்ததும் செருப்பைத் தேடுவது போலத் திரும்பி, தள்ளிப்போய் இடம் பிடித்தார்கள். வரிசை நிறைந்தது; அவளுக்கு இடமும் வலமும் மட்டும் பல் விழுந்தது போலக் காலியாக இருந்தது. இலை போடுகிறவன் இதையெல்லாம் கவனிக்காமல், ஆள் இல்லாத இடத்திலும் இலையை விரித்து, தண்ணீர் தெளித்துக்கொண்டே போனான். ஆட்டுக்கறிக் குழம்பின் வாசம் பந்தலை நிறைத்தது. தூரத்தில் கமிட்டி பெஞ்சு காலியாக இருந்தது. இருட்டிய பிறகு எந்த வாசல் ஏறுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதை யோசிக்க முயன்றாள். பசிதான் முந்திக்கொண்டு வந்தது.

கட்டை கொண்டுவரவில்லை. வலது கட்டைவிரலைக் கோலியின்மேல் வைத்து, இடது உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினாள். பந்தல் முழுக்கக் கேட்டது. பேச்சு நின்றது. நுரை மேலேறி மடியில் கொஞ்சம் சிந்தியது. தண்ணீர் வைத்திருந்த எவர்சில்வர் தம்ளரைப் பின்பக்கமாகக் கவிழ்த்துவிட்டு அதில் ஊற்றினாள். சூட்டில் மிளகு வாசம் கூடி, கசப்பு முன்னைவிடத் தடித்திருந்தது. அவசரப்படாமல் குடித்தாள். எல்லோரும் பார்ப்பது கன்னத்தில் வெயில் படுவது போலத் தெரிந்தது. இன்னொரு வாய் குடித்தாள்.

வயல் பக்கமிருந்து காற்று ஒன்று கிளம்பி வந்தது. உட்கார ஆளில்லாமல் கிடந்த பக்கத்து இலை மடங்கி எழும்பியது. பறக்கப்போன இலையைக் கையால் அமர்த்தி, முக்காலும் மிச்சமிருந்த பாட்டிலைத் தூக்கி அதன் நடுவில் வைத்தாள். கோலி உள்ளே கணகணத்து அடங்கியது.

சோற்று வாளியோடு சாலோமி வரிசையில் வந்துகொண்டிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது, கண்ணைத் துடைத்திருந்தாள். சாரம்மாளின் இலையில் ஒரு கரண்டி வைத்தாள். அடுத்த இலைக்கு வந்தாள். இலையையும் பாட்டிலையும் நின்று பார்த்தாள். பின்னால் குழம்பு கொண்டுவந்தவள், "நவுரு மைனி, கை பொள்ளுது" என்றாள். சாலோமி நகரவில்லை. பிறகு குனிந்து, கரண்டி நிறையச் சோற்றை அள்ளி, அந்த இலையில் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆவி எழும்பிக் கண்ணாடியில் படிந்தது. பாட்டிலின் வாயிலிருந்து நுரை பைய ஏறி, விளிம்பைத் தாண்டி, சோற்றின் பக்கமாக வழியத் தொடங்கியது.